ஓ.டி. டபுள்தான், ஆனால் எதற்கு டபுள்?

ஆடிப் பண்டிகை முடிந்த வாரம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் தட்டுவடை செட் பொட்டலம், சட்டைப் பையில் நாலாக மடித்த சம்பளச் சீட்டு. வந்ததும் வராததுமாக, "மாமா, நீங்க பதினோரு வருஷம் டைம் ஆபீஸ்ல இருந்தவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க, ஓ.டி. டபுள்னுதான் சொல்றாங்க, ஆனா கணக்கு எங்கயோ இடிக்குது" என்றான். டைம் ஆபீஸ் என்பது ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் கணக்கு வைக்கிற இடம். மச்சினன் சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறான். எந்த ஃபேக்டரி என்பது இங்கே வேண்டாம், இந்தக் கணக்கை அப்படிப் போடுகிற இடம் அது ஒன்று மட்டுமில்லை.

சீட்டைப் பிரித்தேன். தினக்கூலி 520 ரூபாய். அதில் அடிப்படை 400, பஞ்சப்படி 120. ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, 24 மணி நேரம், அதற்கு 2,400 ரூபாய். அதாவது மணிக்கு 100. டபுள்தான், பொய் இல்லை. ஆனால் 400-ஐ எட்டால் வகுத்து வந்த 50-க்கு டபுள். பஞ்சப்படி எங்கே போனது? 520-ஐ எட்டால் வகுத்தால் 65, அதற்கு டபுள் 130, இருபத்துநாலு மணிக்கு 3,120. ஒரே மாதத்தில் 720 ரூபாய் காணோம்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 59-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் சாதாரண ஊதியத்தைப் போல இரு மடங்கு கொடுக்க வேண்டும் என்றது. அந்த "சாதாரண ஊதியம்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது வெறும் அடிப்படைச் சம்பளம் இல்லை, பஞ்சப்படியும் சேர்ந்தது. போனஸ் சேராது, ஏற்கனவே வாங்கிய ஓ.டி.யும் சேராது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன, பழைய சட்டம் போய்விட்டது, இனி டபுள் எல்லாம் கிடையாது என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னாராம். பழைய சட்டம் போனது உண்மைதான், ஆனால் இரு மடங்கு அப்படியேதான் இருக்கிறது. கூடவே, தொழிலாளி சம்மதித்தால்தான் ஓ.டி. என்றும் போட்டிருக்கிறார்கள், அது எத்தனை ஃபேக்டரியில் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, மச்சினன் பக்கமும் ஒரு தப்பு இருந்தது. பண்டிகை வாரத்தில் செவ்வாயும் புதனும் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, மற்ற நாலு நாளும் ஒன்பது ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிறான், அந்த ஒன்பதாவது மணி ஏன் டபுளில் வரவில்லை என்று கேட்கிறான். நாளுக்கு ஒன்பதைத் தாண்டவில்லை, வாரத்துக்கு 36 மணி நேரம்தான் ஆகிறது. அந்த 1948 சட்டக் கணக்குப்படி அங்கே ஓ.டி. இல்லை, அந்த மணிக்குச் சாதா கூலி மட்டும்தான். சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பழைய சட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இருந்தது. ஞாயிறு வரச் சொல்லிவிட்டு, முன்னாலோ பின்னாலோ மூன்று நாளுக்குள் வேறு ஒரு நாள் ஆஃப் கொடுத்துவிட்டால், ஞாயிறு என்ற ஒரே காரணத்துக்காக டபுள் வராது என்று இருந்தது.

அடுத்து பண்டிகை லீவு. "கலெக்டரே ஆடிக்கு லீவு விட்டாரு, எங்களுக்கு மட்டும் ஏன் சம்பளம் இல்ல?" என்றான். கலெக்டர் விடுகிற உள்ளூர் விடுமுறை அரசு ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். நமக்கு 1958-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் தனியாக இருக்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலோடு ஐந்து பண்டிகை நாள், மொத்தம் ஒன்பது நாள் சம்பளத்தோடு லீவு. அந்த ஐந்தில் ஆடி வருகிறதா இல்லையா என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். இவன் ஆறு வருடமாக அந்தப் போர்டைத் தாண்டித்தான் கேண்டீனுக்குப் போகிறான், ஒரு நாள்கூட நின்று படித்ததில்லை. பட்டியலில் இருக்கிற நாளில் வேலைக்குப் போனால் இரண்டு நாள் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு லீவும். ஏற்காடு மேலே காபி எஸ்டேட்டில் என் பெரியம்மா மகள் பழம் பறிக்கப் போகிறாள், அவளுக்கும் இந்த ஒன்பது நாள் உண்டு.

ஈ.எல்., அதாவது வேலை பார்த்த நாளுக்கு ஏற்பச் சேரும் சம்பள லீவு, அந்த விஷயத்தில் நானே ஏமாந்தவன். 2009-இல் ஒரு மில்லில் இருந்தேன், முழு நைட் ஷிப்ட் ஒத்துக்கொள்ளாமல் செப்டம்பரில் நின்றுவிட்டேன். அந்த வருடம் நான் போயிருந்தது 212 நாள். லீவு சம்பளம் கேட்டதற்கு, "240 நாள் முடிக்கலையே தம்பி" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பிற்பாடு டைம் ஆபீசில் உட்கார்ந்த பிறகுதான் படித்தேன்: 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு, அதற்கு வருடத்தில் 240 நாள் வேண்டும் என்பது தொடர்ந்து வேலையில் இருப்பவனுக்கு. நடு வருடத்தில் நிற்கிறவனுக்கு அதுவரை போன நாளுக்கான பங்கு உண்டு. 212-ஐ இருபதால் வகுத்தால் 10.6, அரையோ அதற்கு மேலோ இருந்தால் முழு நாள், ஆக 11 நாள். அப்போது என் கூலி 180. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாயை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இப்போது புதிய சட்டத்தில் அந்த 240 என்பது 180 ஆகிவிட்டது, இருபதுக்கு ஒன்று மட்டும் மாறவில்லை.

லீவு சம்பளத்தில் ஓ.டி. சேராது என்பதையும் அவனிடம் சொன்னேன். ஓ.டி.யில் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். 720 ரூபாயைப் பற்றி சூப்பர்வைசரிடம் கேட்டானாம், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றிருக்கிறார். "எந்த மாசம்னு கேட்டியாடா?" என்றேன். "அதையும் பின்னால எழுதி வெச்சிருக்கேன் மாமா" என்று அந்தத் தேதித் தாளைத் தேட ஆரம்பித்தான்.