புரிகிறதா என்று கேட்டபோது நான் அடித்த 'யெஸ்'

இரண்டாம் செமஸ்டர், ஆன்லைனில் புள்ளியியல் வகுப்பு. ஆசிரியர் நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தார், நடுவில் நிறுத்தி "புரிகிறதா?" என்று கேட்டார். சாட்டில் யெஸ், யெஸ், யெஸ் மேம் என்று வரிசையாக ஏறிக்கொண்டே போனது. நானும் ஒரு யெஸ் அடித்தேன். என் திரையில் வகுப்பு ஒரு ஓரத்தில் சின்னதாக இருந்தது, பெரிதாகத் திறந்திருந்தது வேறொரு டேப். கடைசி இருபது நிமிடத்தில் அவர் சொன்னதில் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் திருப்பிச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த நொடி அவர் என் பெயரைச் சொல்லி, "இந்தக் கணக்கில் வருகிற இரண்டு நிகழ்வும் ஒன்றையொன்று சாராதவையா, சொல்லுங்கள்" என்றார். அன்மியூட் செய்தேன். எந்தக் கணக்கு என்றே தெரியவில்லை. ஏழெட்டு விநாடி ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அவரே, "சரி பரவாயில்லை, நெட் பிரச்சினை போல" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அந்த செமஸ்டரில் புள்ளியியலில் நான் தேறவில்லை. தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் எண்ணிப் பார்த்தபோது, பார்க்காமல் விட்டிருந்த ரெக்கார்டிங் மட்டும் 31. ஆனால் அட்டெண்டன்ஸ் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. இதை இப்போது எழுதக் காரணம், ஆன்லைனில் படிக்கிற தம்பி தங்கைகள் பலர் "எனக்கு மனவுறுதியே இல்லை, நான் சோம்பேறி" என்று தங்களையே திட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். நானும் ஒரு வருடம் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை.

நேரில் நடக்கிற வகுப்பை யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் போர்டில் எழுத ஆரம்பித்ததும் பக்கத்தில் இருப்பவர் பேனாவைத் திறக்கிறார், நம் கையும் தானாகப் பேனாவைத் தேடுகிறது. கண் சொருகினால் ஆசிரியரின் பார்வை நம் பக்கம் திரும்புகிறது, முன் வரிசையில் யாராவது கேட்கிற டவுட் நமக்கும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறது. கொடிக்குக் கொழுகொம்பு மாதிரி இவையெல்லாம். ஆன்லைனில் அத்தனை கொம்பையும் உருவி எடுத்தாகிவிட்டது, அப்புறம் கொடி தரையில் படர்ந்தால் கொடியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு இது புரிய ஒரு தோல்வி தேவைப்பட்டது. வகுப்பு நம்மிடம் எதையும் கேட்காதபோது மனம் வேடிக்கை பார்க்கப் போய்விடும். அதனால் நாமே சில கொம்புகளை நட்டுக்கொள்ள வேண்டும், அதாவது வகுப்பு நம்மிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி செய்துகொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதை எப்படிச் செய்தேன் என்பதுதான்.

முதலில் அந்த ரெக்கார்டிங். என்னைக் கவிழ்த்தது அதுதான். ரெக்கார்டிங் இருக்கிறது என்று தெரிந்தவுடனே மனதுக்குள் ஒரு குரல், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்". நேரலையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் குரல் வந்துவிடும், வந்த நிமிடத்திலிருந்து காது மூடிக்கொள்ளும். 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள், கடைசிவரை முடித்தவர்கள் 23,000 பேர் அளவில்தான். நல்ல ஆசிரியர்கள், இலவசம், வீட்டிலிருந்தே படிக்கலாம், இருந்தும் ஏழில் ஒருவர்தான் கரை சேர்ந்திருக்கிறார். பதிவு செய்த பலர் சும்மா எட்டிப் பார்க்க வந்திருக்கலாம், அது உண்மை. ஆனாலும் பாடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டால் மட்டும் அது மண்டைக்குள் வந்துவிடாது என்பதை அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இப்போது எனக்கு நானே வைத்திருக்கிற விதி, ரெக்கார்டிங் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நினைத்துக்கொண்டுதான் நேரலையில் உட்கார வேண்டும். அதைத் திறப்பது ஒரே ஒரு காரியத்துக்கு, அதைக் கீழே சொல்கிறேன்.

போன். இதைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-ல் வந்த ஓர் ஆய்வில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள், சைலன்ட்டில் போட்டு மேசையிலேயே கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிட மனத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்திருந்தார்கள். பின்னால் செய்த சில ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆனால் என் விஷயத்தில் சந்தேகமே இல்லை, போன் பக்கத்து அறையில் இருந்தால் நான் வேறு ஆள். வகுப்பே போனில்தான் என்கிறவர்களுக்கு இந்த யோசனை உதவாது என்று தெரியும், முதல் செமஸ்டர் முழுக்க நானும் போனில்தான் படித்தேன். அப்போது செய்தது: நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, போனை இரண்டு தடிப் புத்தகத்துக்கு நடுவில் நிமிர்த்தி, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு இயர்போனில் கேட்பேன், கையில் நோட்டும் பேனாவும் மட்டும். தொட வேண்டுமென்றால் எழுந்துதான் ஆக வேண்டும். அந்த ஒரு எழுந்திருத்தல் போதும், பாதி நேரம் "விடு" என்று உட்கார்ந்துவிடுவேன்.

வேறு டேப்பை "ஒரே நிமிடம்" பார்ப்பதும் அப்படித்தான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று சோஃபி லெராய் என்கிற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அதற்குக் கவன மிச்சம் என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது, டேப்பை மூடிவிட்டு வந்த பிறகும் ஆசிரியர் பேசுவது ஏன் தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று.

இப்போது உண்மையிலேயே என்னை மாற்றிய விஷயம். வெற்றுத்தாள். வகுப்பு முடிந்து விண்டோவை மூடியதும், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், நோட்டையும் மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளில் இன்று என்ன நடந்தது என்று பத்து நிமிடம் எழுத வேண்டும். பார்த்து எழுதக் கூடாது. முதல் நாள் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. "சார்பற்ற நிகழ்வுகள்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே பாதியில் நிற்கிற ஒரு சூத்திரம், "பெயஸ்" என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான், ஒரு மணி நேர வகுப்புக்கு. மிச்சத் தாள் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தபோது அழுகை வந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியாது என்பது எழுத்து வடிவில் கண்ணுக்குத் தெரிந்ததும் அன்றுதான் முதல்முறை.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்கிற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் செய்த பரிசோதனையில் மாணவர்களுக்கு ஒரு சிறு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பவும் படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் மேல். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கதை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. ரெக்கார்டிங்கை இரண்டாவது தடவை ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டே பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்குமே, அந்த ஐந்து நிமிடத் தெளிவை நம்பித்தான் நான் தேர்வுக்குப் போனேன்.

ரெக்கார்டிங் இங்கேதான் உதவுகிறது. வகுப்பில் எங்கே நூல் அறுந்ததோ அந்த இடத்தில் நோட்டின் ஓரத்தில் மணியை மட்டும் குறித்துக்கொள்வேன். 9:12 என்று எழுதி ஒரு கேள்விக்குறி. அறுந்துவிட்டதே என்று அங்கேயே நின்று புலம்பினால் அடுத்த ஐந்து நிமிடமும் போய்விடும், குறித்துவிட்டால் மனம் நகர்ந்துவிடும். வெற்றுத்தாள் எழுதி முடித்த பிறகு, ஓட்டை விழுந்த அந்த நான்கைந்து நிமிடங்களை மட்டும் போட்டுப் பார்ப்பேன். தினமும் முழு ரெக்கார்டிங்கையும் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு நடக்கிற காரியம் இல்லை, ஐந்து நிமிடம் எப்போதும் நடக்கும்.

டவுட் கேட்பது பற்றி ஒன்று. சாட்டில் எல்லாரும் யெஸ் என்று அடிக்கும்போது 'இல்லை' என்று அடிக்க விரல் வராது, தெரியும். நான் கண்ட வழி, "புரியவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல் எதுவரை வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்வது. "மேம், இரண்டாவது வரி வரை வந்துவிட்டேன், பின்னத்தின் பகுதியில் ஏன் கூட்டுகிறோம் என்பதில் நிற்கிறேன்" என்று ஒருநாள் அடித்தேன். உடனே கீழே எனக்கும், எனக்கும் என்று ஆறேழு பேர். சற்று முன்பு யெஸ் போட்டவர்கள்தான் அவர்கள். ஆசிரியர் அந்த வரியை முதலிலிருந்து விளக்கினார், அவர் குரலில் ஒரு தெம்பு வந்ததை நான் கேட்டேன். கறுப்புக் கட்டங்களைப் பார்த்துத் தினமும் பேசுகிற ஆசிரியர்களுக்கும் இது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் உறைத்தது. பொதுவில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆசிரியருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், ஆனால் அன்றே அனுப்புங்கள்.

கேமராவை ஆன் செய்தால் கவனம் வரும் என்கிறார்கள். எனக்குச் சிறு குழு வகுப்புகளில் உதவியது. வீட்டுச் சூழல் எல்லாருக்கும் ஒன்று போல் இருக்காது, யாரையும் இதில் கட்டாயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. ஆன் செய்வதாக இருந்தால் உங்கள் முகம் உங்களுக்கே தெரியாதபடி மறைத்துவிடுங்கள், அதற்கு அமைப்பு இருக்கிறது. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்த மாதிரி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது காணொளிக் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஜெரமி பெய்லன்சன் என்கிற ஆய்வாளர் 2021-ல் எழுதியிருக்கிறார்.

அடுத்தடுத்து வகுப்பு இருந்தால் நடுவில் இருக்கிற பத்து நிமிடத்தில் இன்னொரு திரைக்குப் போகாதீர்கள். எழுந்து நடங்கள், ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பாருங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கடைசியாக, இப்போது ஏற்கெனவே பின்தங்கிக் கிடக்கிறவர்களுக்கு. உங்கள் குவியலில் 31 இருக்கலாம், 60 இருக்கலாம். தயவுசெய்து முதல் ரெக்கார்டிங்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அன்றைய வகுப்பும் போய்க் குவியலில் சேர்ந்துகொண்டது. இன்றைய வகுப்பை இன்றே முடியுங்கள், வெற்றுத்தாளோடு. அதற்குப் பிறகு நேரம் இருந்தால் பழையதில் ஒன்று, அதுவும் இன்றைய பாடம் புரியத் தேவைப்படுகிற ஒன்று. மறுதேர்வுக்கு நான் அந்த 31-ல் 12 மட்டும்தான் பார்த்தேன். மிச்சத்தைப் பாடப்புத்தகத்தில் படித்து, கணக்குப் போட்டு, தெரியாததை ஒரு வகுப்புத் தோழியிடம் கேட்டு முடித்தேன். தினமும் இரவு பத்து நிமிடம் அவள் எனக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுப்பாள், நான் அவளுக்கு ஒன்று. அந்தத் தேர்வில் தேறினேன். அவளை நேரில் பார்த்தது அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான், குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தேன்.