நீடாமங்கலம் கேட்டும் ஸ்புட்னிக் சத்தமும்

போன மாசம் மன்னார்குடியிலேர்ந்து கும்பகோணம் போறப்ப நீடாமங்கலம் ரயில்வே கேட்ல வழக்கம்போல மாட்டிக்கிட்டேன். முன்னாடி நெல் மூட்டை லாரி, பின்னாடி ரெண்டு பஸ்ஸு, வண்டிய ஆஃப் பண்ணிட்டு கேட்டுக்கு ஓரமா போய் நின்னேன். ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்து தாண்டுறப்ப அந்த சத்தத்தோட சுருதி லேசா கீழ எறங்குச்சு. சத்தம் போடுற பொருள் கிட்ட வந்தா சுருதி ஏறும், தள்ளிப் போனா எறங்கும், அதுக்குப் பேருதான் டாப்ளர் விளைவு. பதினோரு வருசமா டியூஷன்ல அத நடத்துறேன், ஆம்புலன்ஸ், ட்ரெயின்னு போர்டுல படம் போட்டு சமன்பாடு எழுதி முடிச்சிடுவேன், ஒரு தடவ கூட பசங்கள கூட்டிட்டு வந்து இதக் கேக்க வச்சதில்ல. அது அன்னிக்கு உறுத்திச்சு. கூடவே ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த ஒரு லேப் ஞாபகம் வந்துச்சு.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோட அப்ளைடு ஃபிசிக்ஸ் லேபரட்டரி, சுருக்கமா ஏபிஎல். அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்துல லாரல்ங்கற ஊர்கிட்ட இருக்கு. 2015 ஜூலையில புளூட்டோவோட இதய வடிவ படம் எல்லார் ஃபோன்லயும் சுத்துச்சே, அந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்த கட்டி ஓட்டுனது இவங்கதான். 2022 செப்டம்பர்ல டைமார்ஃபஸ்ங்கற சின்ன விண்கல் மேல ஒரு விண்கலத்த வேணும்னே மோதவிட்டு, அது பக்கத்துல இருக்குற பெரிய விண்கல்ல சுத்துற நேரத்த அரை மணி நேரத்துக்கு மேல குறைச்சாங்களே, அந்த டார்ட்டும் இவங்களோடதுதான். நியூஸ்ல நாசான்னு மட்டும் வரும், இவங்க பேரு கீழ எங்கயாவது இருக்கும். நாசா மையமும் கிடையாது, கம்பெனியும் கிடையாது, ஒரு யூனிவர்சிட்டியோட லாப நோக்கமில்லாத பிரிவு. எட்டாயிரத்துக்கும் மேல ஆளுங்க வேல பாக்குறாங்க.

ஒண்ண மறைக்காம சொல்லிடணும். இது பொறந்தது போருக்காக, இன்னிக்கும் இதோட பெரும்பங்கு வேல ராணுவத்துக்குத்தான், குறிப்பா கடற்படைக்கு. 1942ல சில்வர் ஸ்பிரிங்ல பழைய கார் விக்கிற கராஜ் ஒண்ண புடிச்சு ஆரம்பிச்சாங்க. அப்ப விமானத்த நோக்கி பீரங்கி சுட்டா குண்டு இத்தன நொடியில வெடிக்கணும்னு முன்னாடியே செட் பண்ணணும், பெரும்பாலும் தப்பிடும். இவங்க என்ன பண்ணாங்கன்னா குண்டோட மூக்குக்குள்ளயே ஒரு குட்டி ரேடியோவ வச்சாங்க, அது அலைய அனுப்பி, விமானத்துல பட்டு திரும்பி வர்றத வச்சு பக்கத்துல வந்தாச்சுன்னு கண்டுபுடிச்சு தானா வெடிக்கும். அந்தக் காலத்துல டிரான்சிஸ்டர் ஏது, பழைய ரேடியோல இருக்குமே கண்ணாடி வால்வு, அத பீரங்கியில வச்சு சுட்டா புவியீர்ப்பு மாதிரி இருபதாயிரம் மடங்கு விசை தாக்கும், 10 கிராம் பொருள் அந்த நேரத்துல 200 கிலோ கனக்கும். ஆனாலும் வால்வு உடையாம பண்ணிட்டாங்க. அந்த மூளைய நெனச்சா பிரமிப்பா இருக்கு, எதுக்குப் பண்ணாங்கன்னு நெனச்சா மனசு கனக்குது, ரெண்டையும் சேத்துதான் நான் பசங்களுக்கு சொல்றேன்.

1957 அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் ரஷ்யா உலகத்தோட முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்க அனுப்புச்சு. 58 சென்டிமீட்டர் உருண்டை, ரேடியோவுல 20 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ரெண்டு கோடி அதிர்வு, பக்கத்துல பீப் பீப்னு ஒரு சத்தம். அடுத்த திங்கக்கிழம ஏபிஎல் கேன்டீன்ல இதப்பத்திதான் பேச்சு. வில்லியம் கியர், ஜார்ஜ் வைஃபன்பாக்னு ரெண்டு பேரு, இத யாராச்சும் கேட்டுப் பாத்தீங்களான்னு ஆரம்பிச்சு, வைஃபன்பாக்கோட ரூம்ல இருந்த ரிசீவர திருப்பி வச்சு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. யாரும் போட்ட வேல கெடையாது. கேக்கக் கேக்க, அது தலைக்கு மேல வந்து தாண்டிப் போறப்ப சத்தம் எறங்குறது தெரிஞ்சுது, கிட்ட வர்றப்ப ஒரு ஐநூறு ஹெர்ட்ஸ் கூட, தள்ளிப் போறப்ப அதே அளவு கொறைய. நம்ம கேட் ஹாரன் மாதிரியேதான், என்ன, அது நொடிக்கு எட்டு கிலோமீட்டர் போற வண்டி. டேப்ல பதிஞ்சு, சத்தம் எவ்வளவு வேகமா எறங்குதுங்கற வளைவ வச்சே அது எங்க போகுது, எந்தப் பாதையில சுத்துதுன்னு மொத்தத்தையும் கணக்குப் போட்டுட்டாங்க, அதுவும் ஒரே ஒரு தடவ தாண்டிப் போறத வச்சு.

1958 மார்ச்ல ஃபிராங்க் மெக்லூர்ங்கற சீனியர் ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்புட்டாரு. நீங்க நிக்கிற எடம் தெரியும், செயற்கைக்கோள் எங்கன்னு கண்டுபுடிச்சீங்க, சரி, செயற்கைக்கோள் எங்கன்னு தெரிஞ்சா நிக்கிற எடத்தக் கண்டுபுடிக்க முடியுமான்னு கேட்டாரு. அவருக்கு அணு ஏவுகணை சுமக்குற நீர்மூழ்கிக் கப்பலுக்கு வழி வேணும், அதுதான் அவரோட கவல. முடியும், இன்னும் நல்லாவே வரும்னு கணக்கு சொல்லுச்சு. அப்படிப் பொறந்ததுதான் டிரான்சிட், 1960ல முதல் செயற்கைக்கோள் சரியா மேல போச்சு, 1964ல கடற்படை பயன்படுத்த ஆரம்பிச்சுது, 1996 வரைக்கும் ஓடுச்சு. உலகத்தோட முதல் செயற்கைக்கோள் வழிகாட்டி அது. அதுக்கப்பறம் வந்த ஜிபிஎஸ் வேற கணக்கு, நேரத்த வச்சு தூரம் பாக்குது, ஆனா வானத்துலேர்ந்து ஒரு பொருள் நாம நிக்கிற எடத்த சொல்லும்ங்கற நம்பிக்கைய உண்டாக்குனது டிரான்சிட்தான்.

நாகப்பட்டினத்துல என் ஃப்ரெண்டோட அப்பா விசைப்படகு வச்சிருந்தவரு. அவரு சொல்வாரு, "தம்பி, அப்பல்லாம் நாகூர் பெரிய மனோராவும் வேளாங்கண்ணி கோயில் கோபுரமும் கண்ணுக்குத் தெரியறவரைக்கும்தான் தைரியம், அது மறைஞ்சா தண்ணி எத்தன பாகம்னு கயிறு விட்டுப் பாக்கணும், ராத்திரியில வெள்ளிய பாக்கணும்." இப்ப அவரு பையன் போட்ல ஜிபிஎஸ் பெட்டி இருக்கு, பிளாஸ்டிக் கவர் சுத்தி, உப்பு படிஞ்சு, ஓரத்துல எண் அழிஞ்ச பட்டனோட. மீன் கெடைச்ச எடத்தையெல்லாம் பாயிண்ட் பாயிண்டா போட்டு வச்சிருக்கான், அந்தப் பாயிண்ட கூடப்பொறந்த அண்ணனுக்கே குடுக்க மாட்டான். கேன்டீன்ல ரெண்டு பேரு பேசுனது அக்கரைப்பேட்டையில ஒரு போட்டுக்குள்ள வந்து நிக்குது.

இத எழுதறப்ப எனக்கு ஆத்திரமா வருது, ஏன்னு சொல்லிடறேன். நான் படிச்ச காலேஜ்ல மின் அலைய திரையில வரைஞ்சு காட்டுற நல்ல ஆஸிலாஸ்கோப் ஒண்ணு இருந்துச்சு. பச்சைத் துணி போட்டு மூடி, பீரோவுல பூட்டி, இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் வெளிய எடுப்பாங்க. மூணு வருசத்துல நான் அதத் தொட்டதில்ல. ஒரு நாள் கேட்டேன், "உடைஞ்சா உங்கப்பனா குடுப்பான்"னு பதில் வந்துச்சு. அப்பா நடவுக்கு கடன் வாங்கிட்டிருந்த வருசம் அது. பணம் இல்லங்கறது உண்மதான், ஆனா அந்த ஸ்கோப் அங்கயே இருந்துச்சே. வைஃபன்பாக் ரூம்ல இருந்ததும் வேற வேலைக்கு வாங்குன ரிசீவர்தான், அங்க யாரும் தடுக்கல.

தடுக்காம விட்ட பெரியவங்கன்னா இன்னொருத்தரயும் சொல்லணும். சர் சி.வி.ராமன் திருவானைக்காவல்ல பொறந்தவரு, அவரோட அண்ணன் பையன் சந்திரசேகர், சிகாகோவுல அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்ங்கற வானியற்பியல் ஆய்விதழோட ஆசிரியரா இருந்தாரு. அதே 1958ல யூஜின் பார்க்கர்ங்கற இளைஞர், சூரியன்லேர்ந்து காத்து மாதிரி துகள் வீசிக்கிட்டே இருக்குன்னு கட்டுர அனுப்புனாரு. மதிப்பிட்ட ரெண்டு பேருமே இது தேறாதுன்னுட்டாங்க. சந்திரசேகருக்கும் அந்தக் கருத்து புடிக்கல, ஆனா கணக்குல தப்பு கண்டுபுடிக்க முடியலன்னதும் அச்சுக்கு அனுப்பிட்டாரு. அந்த பார்க்கர் பேர்லதான் ஏபிஎல் ஒரு விண்கலம் கட்டி 2018ல அனுப்புச்சு, 91 வயசுல அவரே நேர்ல நின்னு பாத்தாரு. 2024 டிசம்பர் 24ல அது சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் பக்கத்துல போயிட்டு வந்துச்சு. முன்னாடி இருக்குற வெப்பக் கேடயம் பதினொன்றரை சென்டிமீட்டர் கூட தடிமன் இல்ல, கார்பன் நுரை, பெரும்பகுதி வெறும் காத்து.

போன ஞாயித்துக்கிழம அஞ்சு பசங்கள கூட்டிக்கிட்டு கொரடாச்சேரி பக்கம் ஒரு கேட்டுக்குப் போனேன், நீடாமங்கலத்துல வண்டி மெதுவா வர்றதால வித்தியாசம் சரியா தெரியாது. ஃபோன்ல பதிஞ்சோம். ஹாரன் சத்தம் வர்றப்ப 388 ஹெர்ட்ஸ், போறப்ப 352. கழிச்சு, கூட்டி, வகுத்து, ஒலி வேகத்தால பெருக்குனா மணிக்கு 60 கிலோமீட்டர். ஒரு பொண்ணு மட்டும் சிரிக்காம, "சார், கேட்டுகிட்ட நின்னா டக்குன்னு எறங்குது, தள்ளி நின்னா மெதுவா எறங்குமா?"ன்னா. "அப்ப எறங்குற வேகத்த வச்சே தண்டவாளம் எவ்வளவு தூரம்னு சொல்லிடலாம்ல?"ன்னும் கேட்டா. கியரும் வைஃபன்பாக்கும் பண்ணது அதேதான், நான் அவகிட்ட சொல்லல.

தண்டவாளத்துலேர்ந்து தள்ளி இருந்த வாய்க்கா மேட்டுக்குப் போயி, வெயில்ல அடுத்த வண்டிக்கு ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்திருந்தோம். தண்டவாளத்துக்குத் தூரம் கணக்குல 60 மீட்டர் வந்துச்சு, காலடி வச்சு அளந்தா 70. அந்தப் பத்து மீட்டர் எங்க போச்சுன்னு வாட்ஸப் க்ரூப்ல இன்னும் சண்ட ஓடிட்டிருக்கு.