பொன் மையும் மொய்க் கவரும்

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கடைசியில் வாங்கியே விட்டேன். பிரெஞ்சுக் கம்பெனி ஜே. ஹெர்பனின் 'எமரால்ட் ஆஃப் சிவோர்', பொன் துகள் கலந்த பேனா மை, 50 மில்லி. 2015-ல் வந்த மை, இத்தனை வருடம் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கியது. சிவோர் என்பது கொலம்பியாவில் மரகதம் வெட்டி எடுக்கிற ஊர். மூடியில் அரக்கெல்லாம் பூசி ராஜ தோரணையில் இருக்கிறது புட்டி. பள்ளிக்கூடத்தில் பிரில் ராயல் ப்ளூவை இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, பாதியைச் சட்டைப் பையில் ஊற்றிக்கொண்டவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். விலையை வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஏமாற்றம். மெல்லிய நிப்புப் பேனாவில் நிரப்பி, ஆபீஸ் பிரிண்டர் தாளில் எழுதினேன். பச்சை கலந்த நீலம், அவ்வளவுதான். மனைவி டியூப்லைட் வெளிச்சத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தங்கம்?" என்றாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தப்பு என்னுடையது. இந்த மை ரசம் மாதிரி. தெளிவை மட்டும் மொண்டால் மண்டி அடியிலேயே நின்றுவிடும். பொன் துகள் மையில் கரைவதில்லை, சும்மா மிதக்கிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. புட்டியை நன்றாகக் கலக்கி, 1.1 மில்லிமீட்டர் ஸ்டப் நிப்பு (முனை தட்டையாக, அகலமாக இருக்கும்) போட்ட பேனாவில் ஏற்றி, சேர்த்து வைத்திருந்த டோமோயே ரிவர் என்கிற ஜப்பானியத் தாளில் எழுதி, வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனேன். அடடா! தாள் மையைக் குடிக்காததால் அது மேலேயே காய்ந்து, ஓரமெல்லாம் செம்பு மாதிரி சிவப்பு, நடுவில் பொன் பொடி. ழகரத்தின் கீழ்ச்சுழியிலும் ணகரத்தின் வளைவுகளிலும் மை தேங்குகிற இடத்தில்தான் அழகு அதிகம். ஒரு பக்கம் முழுக்க 'ழ' மட்டும் எழுதினேன், வெட்கமில்லாமல்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மூன்று நாள் தொடாமல் விட்டதில் பேனா அடைத்துக்கொண்டது. நிப்பையும் அதன் அடிக்கட்டையையும் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் குவளையின் அடியில் பொன் கோலம். கட்டையின் கோடுகளுக்குள் இருக்கிற துகளை எடுக்கப் பழைய பல்துலக்கி வேண்டியிருந்தது. தாத்தாவின் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவில் இதை ஊற்றவே மாட்டேன். இனி எழுதுவதற்கு முன் பேனாவை மெல்ல இரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், அப்புறம் வாரம் ஒருமுறை குளியல். கைக்குழந்தை தோற்றது.

செப்டம்பர் 8, ஞாயிறு

சித்தப்பா மகள் கல்யாணம். மொய்க் கவரில் பெயரை இந்த மையால் எழுதினால் எப்படி இருக்கும் என்று நேற்று ராத்திரியே ஒரு ஆசை. ஆனால் காலையில் கிளம்பும் அவசரத்தில்தான் எழுதினேன். வழவழக் கவர், அதில் இந்த மை காயவே காயாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மண்டபத்தில் மொய் எழுதும் பெரியவர் கவரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"பேர் என்னங்க, ஒண்ணுமே புரியலயே?"

சொன்னேன். நீள நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் சரசரவென்று எழுதிக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் பச்சையாகி, ஜன்னல் வெயிலில் ஒரு கணம் மினுங்கியது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் பந்திக்குப் போய்விட்டேன்.