மகனைவிட இளைய அம்மாக்கள்

1975-இல் வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ரஜினிகாந்தின் மனைவியாக நடித்த ஸ்ரீவித்யா, 1991-இல் ‘தளபதி’யில் அவருக்கே தாயாக நடித்தார். ரஜினிகாந்த் பிறந்தது 1950-இல்; ஸ்ரீவித்யா பிறந்தது 1953-இல். பிள்ளையைப் பிரிந்த தாயின் வேதனையை அவர் கண்களிலேயே கொண்டுவந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த 16 ஆண்டுகளில் நாயகன் நாயகனாகவே நீடிக்க, அவரைவிட இளையவரான ஸ்ரீவித்யா மட்டும் ஒரு தலைமுறை மூத்துப்போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இது நம் திரையுலகின் வழக்கம் மட்டுமன்று. 1988-இல் ஹாலிவுட்டின் ‘பஞ்ச்லைன்’ படத்தில் டாம் ஹாங்க்ஸ் காதலிக்கும் பெண்ணாக வந்த சாலி ஃபீல்ட், ஆறே ஆண்டுகளில் ‘ஃபாரஸ்ட் கம்ப்’பில் அவருக்குத் தாயானார், இருவருக்கும் வயது வித்தியாசம் பத்துதான்.

நாற்பதைத் தொடுவதற்குள் ஒரு நடிகையின் தலையில் வெள்ளை பூசித் தாயாக்கிவிட்டால், உண்மையிலேயே எழுபதைத் தொட்டவருக்குத் திரையில் இடம் எங்கே இருக்கும்?

இடம் கிடைத்தாலும், அவர் யாருக்குத் தாய், யாருக்குப் பாட்டி என்பதைத் தாண்டிக் கதை அவரைப் பற்றி எதையும் கேட்பதில்லை. அதே வயது ஆணுக்கு நீதிபதி, தாதா, அரசியல்வாதி, விஞ்ஞானி என்று வேடங்கள் விரிகின்றன. அவளோ காத்திருக்கிறாள், அழுகிறாள், ஆசி வழங்குகிறாள், நாயகனின் கோபத்துக்குக் காரணம் வேண்டுமென்றால் இறந்தும் போகிறாள். எல்லாம் அறிந்த பாசக்காரப் பாட்டியைக்கூட என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. தவறு செய்யவும் பொறாமைப்படவும் ஆசைப்படவும் உரிமையற்ற ஒருத்தியைப் போற்றுவது, அவளை மனுஷியாகக் கருத மறுப்பதன் இன்னொரு வடிவம். தொலைக்காட்சித் தொடர்களின் கொடுமைக்கார மாமியாரை நான் வெறுக்கவே செய்கிறேன் என்றாலும், அவளுக்குச் சொந்தமாக ஒரு விருப்பமும் அதை அடைய ஒரு திட்டமும் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தத் திறன் முழுவதும் மருமகளை வீழ்த்துவதிலேயே செலவாவதுதான் வருத்தம்.

வேறுவிதமாகவும் எழுத முடியும். அமெரிக்காவில் குடியேறிய கொரியக் குடும்பத்தைப் பற்றிய ‘மினாரி’ படத்தில் யூன் யோ-ஜங் நடித்த பாட்டி, சீட்டு விளையாடிக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள், இவள் பாட்டி மாதிரியே இல்லை என்று பேரனே குறைபட்டுக்கொள்கிறான். அந்த வேடத்துக்காக 2021-இல், தம் 73-ஆம் வயதில் யூன் ஆஸ்கர் விருது பெற்றார்.

வயதான பெண்ணை நடுவில் வைத்தால் பார்க்க ஆளிருக்காது என்ற வாதத்துக்கோ, 1984-லேயே பதில் கிடைக்கத் தொடங்கிவிட்டது. ‘மர்டர், ஷி ரோட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், கணவரை இழந்த முன்னாள் ஆசிரியையும் துப்பறியும் கதைகளை எழுதுபவளுமான ஜெசிகா ஃப்ளெட்சராக ஏஞ்சலா லான்ஸ்பரி நடிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 58. வாழ்ந்து பெற்ற அனுபவத்தையும், எதையும் விட்டுவைக்காத கவனத்தையும் கொண்டு கொலைகளைத் துப்பறிந்த அந்தப் பெண்ணை மக்கள் 12 பருவங்கள், 1996 வரை, பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.