பண்பாட்டின் கூறுகள்: நெற்குவியலுக்குப் பக்கத்தில் படித்தது

முதலாம் வருடச் சமூகவியல் பரீட்சையில் பண்பாட்டின் அடிப்படைக் கூறுகளைக் கேட்டிருந்தார்கள். குறியீடு, மொழி, விழுமியம், நியமம், நம்பிக்கை, பொருட்கள் என்று நாலு பக்கம் எழுதினேன். எல்லாம் பாடமாக்கிய வரைவிலக்கணம். "உமது சூழலிலிருந்து உதாரணம் தருக" என்ற கடைசி வரிக்கு மட்டும் விடை இல்லை. சித்தியடையவில்லை.

அந்த மாசியில் காலபோக (பெரும்போக) நெல் அறுவடைக்கு முல்லைத்தீவு முத்தையன்கட்டுக்குப் போயிருந்தேன். வெட்டு மெசின் அரைநாளில் வேலையை முடித்து நெல்லைத் தறப்பாளில் கொட்டிவிட்டுப் போனது. செருப்போடு கிட்டப் போனேன். "கழட்டிப்போட்டு வா பிள்ளை, பொலி கிடக்குது" என்றார் அப்பப்பா. நெல் என்று சொல்லவில்லை. மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்த காலத்துக் களத்துச் சொல் அது.

அங்கேயே பாடம் விளங்கிவிட்டது. மெசினும் தறப்பாளும் பொருள்சார் பண்பாடு. 'பொலி' மொழி, பெருகட்டும் என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது. செருப்பைக் கழற்றுவது நியமம், இப்படித்தான் நடக்கவேண்டும் என்ற ஒழுங்கு. விளைச்சலுக்குக் கொடுக்கும் மரியாதை விழுமியம். களம் போன பிறகும் களத்து ஒழுங்கு நிற்கிறதே, அதைத்தான் சமூகவியலாளர் ஒக்பேர்ண் 1922இல் பண்பாட்டுப் பின்னடைவு என்றார்: பொருள் முந்தி மாறும், பழக்கம் பிந்தி வரும். 'பின்னடைவு' என்ற சொல் எனக்குப் பிடிக்காது, அப்பப்பா எதிலும் பின்தங்கியவர் இல்லை. ஆனாலும் விடைத்தாளில் அதையே எழுதுங்கள்.

மானிடவியலாளர் டைலர் 1871இல் பண்பாட்டுக்குத் தந்த வரைவிலக்கணத்தில், சமூகத்தின் உறுப்பினராக மனிதன் பெற்றுக்கொண்டவை என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். செருப்பைக் கழற்றும் பழக்கம் எனக்குப் பிறப்பிலே வரவில்லை, அவர் சொல்லி வந்தது.

பலர் தடுமாறுவது சமூகவியலாளர் சம்னர் 1906இல் பிரித்த இரண்டு வகை நியமங்களில். மீறினால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். செருப்போடு போனதற்கு எனக்கு ஒரு அதட்டல்தான் கிடைத்தது. அதே குவியலில் ஒருவர் களவெடுத்தால் ஊர் விடாது. முதலாவது சாதாரண வழக்கம், மற்றது ஒழுக்கநெறி.

இரண்டாம் முறை என் விடை தறப்பாளில்தான் தொடங்கியது. நீங்கள் வேறொன்றை எடுங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு, கடல்நீரில் எரியும் அந்த விளக்கு ஒன்றே போதும். எது பொருள், எது குறியீடு, எது நம்பிக்கை என்று கொப்பியில் பிரித்து எழுதிப் பாருங்கள்.