ஃபா ஒருவழியாக இடத்தில் நின்றது

எங்கள் ஆலயத்துச் சிறுவர் கொயர் (பாடகர் குழு) இந்த வாரம் கீபோர்டு துணை இல்லாமல் டோவிலிருந்து மேல் டோ வரை ஏறி, சுருதி விலகாமல் இறங்கியது. இத்தனை நாள் வழிமறித்தது ஒரே ஸ்வரம்: ஃபா, அதாவது டோ ரே மீ ஃபா சோ லா டீ டோ வரிசையின் நான்காவது, நம் மத்திமம்.

டோ, ரே, மீ, சோ, லா சீக்கிரமே வந்துவிட்டன. மோகன ராகத்தின் ஸ்வரங்கள்தானே, அடுத்தடுத்து அரைச்சுரம் (கீபோர்டில் ஒட்டிய கட்டைக்கு உள்ள இடைவெளி; இரண்டு சேர்ந்தால் முழுச்சுரம்) கிடையாது, பிசக இடமில்லை. ஃபாவைச் சேர்த்ததும்தான் தொல்லை. முழுச்சுரமாக ஏறிப் பழகிய குரல் மீக்கு அப்புறமும் ஒரு முழுச்சுரம் ஏறிவிடும். மேஜர் ஸ்கேலான சங்கராபரணத்தில் கிளம்பி, கல்யாணி ராகத்தின் பிரதி மத்திமத்தில், அதாவது அரைச்சுரம் உயர்ந்த ஃபாவில், போய் நிற்பார்கள். டோவை சி கட்டையில் வைக்கும் சி மேஜரில் மீக்கும் ஃபாவுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை என்று காட்டிப் பார்த்தேன். கண்ணுக்குப் புரிந்தது, குரலுக்குப் புரியவில்லை.

இறங்கும்போதுதான் வழி கிடைத்தது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் எல்லாப் பிள்ளைகளும் பாடிய 'ஜாய் டு த வேர்ல்ட்' மெட்டின் முதல் வரி, மேல் டோவிலிருந்து கீழ் டோ வரை மேஜர் ஸ்கேல் முழுவதும் இறங்குகிறது. அதில் ஃபா யாருக்கும் பிசகவே இல்லை! சோவிலிருந்து வந்தால் அது தானாகவே மீயின் பக்கம் சாய்கிறது. உடனே ஏறுவதை நிறுத்தினேன். சோ ஃபா மீ, திரும்பத் திரும்ப அது மட்டும். அப்புறம் மீ ஃபா மீ. அது உறுதியான பிறகுதான் ரே மீ ஃபா சோ. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சைகை என்ற, ஆங்கில இசை ஆசிரியர் ஜான் கர்வனின் கைச்சைகைகளும் இங்கே பெரிய உதவி. ஃபாவுக்குக் கட்டைவிரல் கீழே பார்க்கும், டீக்கு ஆள்காட்டி விரல் மேலே பார்க்கும். இரண்டும் சாய வேண்டிய திசையையே காட்டுகின்றன.

ஸ்வரங்களைக் கீழிருந்து மேலாக ஏணிபோல் எழுதும் மாடுலேட்டர் சார்ட்டையும் புதிதாக வரைந்தேன். மீ–ஃபா, டீ–டோ இடைவெளிகள் மற்றவற்றில் பாதிதான். எட்டையும் சம தூரத்தில் எழுதி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வருகிறது. பிள்ளை கண்ணால் பார்த்ததைத்தானே பாடும்?

எட்டு ஸ்வரங்களுக்கு எட்டு மணிகள் என்று இணையத்தில் வாங்கிய செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சுருதி அளக்கும் ட்யூனரில் வைத்தால் லா 440 ஹெர்ட்ஸுக்குக் கிட்டவே வரவில்லை. காது பழகும் வயதில் அதைக் கொடுக்க முடியாது. அதற்குப் பதில் பிவிசி பைப் வெட்டலாம் என்றிருக்கிறேன். இரு முனையும் திறந்த குழாயில் கீழ் டோவுக்கு, அதாவது 262 ஹெர்ட்ஸுக்கு, சுமார் 65 செ.மீ. வேண்டும். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, ட்யூனரைப் பார்த்துத் தேய்த்துக் குறைக்க வேண்டும்.

பாமாலைப் பாடல்களில் ஆல்ட்டோ (மெட்டுக்குக் கீழே பாடும் இரண்டாம் குரல்) தொடங்கும் ஆசையும் இருக்கிறது. அதற்கு முன் டோவை எஃபுக்கு மாற்ற வேண்டும். அங்கே ஃபா பி ஃப்ளாட், கறுப்புக் கட்டை. கீபோர்டு கற்கும் பையன்கள் பழக்கத்தில் வெள்ளையைத் தொட்டால் மறுபடியும் கல்யாணிதான். அடுத்த சனிக்கிழமைப் பயிற்சி அதற்குத்தான்.