இமாம் ஷாஃபிஈ கபரடியில்

சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையில் குனூத் என்னும் துஆவை ஓதக் கற்றுத் தந்தபோது "நாம ஷாஃபிஈ மத்ஹபு" என்று வாப்பா சொன்னார்கள். அந்த மார்க்கச் சட்டவழிக்குப் பெயர் தந்த இமாம் ஷாஃபிஈயின் கபருக்கு, அடக்கத்தலத்துக்கு முன்னால், கெய்ரோவில், போன வாரம் நின்றேன்.

காஸாவில் 767-ல் பிறந்து, 820-ல் எகிப்தில் மறைந்தவர் இமாம். சுல்தான் காமில் 1211-ல் எழுப்பிய குப்பா, அதாவது குவிமாடம், மேலே இருக்கிறது. அதன் உச்சியில் பிறை இல்லை, ஒரு சின்ன உலோகப் படகு! அறிவுக் கடல் என்பதற்கு அடையாளம் என்கிறார்கள். பறவைகளுக்குத் தானியம் போடுவதற்கு என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

உள்ளே, கபரின் மேல், சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்தில் 1178-ல் செய்த மரப்பெட்டகம். நட்சத்திரமும் அறுகோணமுமாகக் கோத்த சின்னச் சின்னப் பலகைகள், ஒவ்வொன்றிலும் கொடி வேலைப்பாடு. பக்கத்தில் ஒரு வயதான அம்மா, நான்காக மடித்த தாளை அடைப்புக்குள் மெல்லத் தள்ளினார். இமாமுக்குக் கடிதம் எழுதுவது அங்கே பழைய வழக்கம்.

நான் எதுவும் எழுதவில்லை. ஸலாம் சொன்னேன். அப்புறம் வாப்பா பெயரைச் சொல்லி ஒரு ஃபாத்திஹா ஓதினேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது.